பெயருக்கு விட்ட இடம்

தம்பிராசா மாமா பெட்டிசன் எழுதும்போது பெயர் கேட்கமாட்டார். கரவெட்டியில் அவரிடம் எழுதுவிக்க வருகிற எல்லாருக்கும் அது தெரியும். "விசயத்தைச் சொல்லும்" என்பார். சொல்லச்சொல்ல நீலப் பேனையால் எழுதிக்கொண்டு போவார். பெயர் வரவேண்டிய இடத்தில் பன்னிரண்டு புள்ளி வைப்பார். பதினொன்றோ பதின்மூன்றோ அல்ல, பன்னிரண்டு. வந்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தானே நிரப்பிக்கொள்ளவேண்டும்.

"பேர் தெரிஞ்சால் எழுத்து ஒரு பக்கம் சாயும்" என்பது அவருடைய விளக்கம். முப்பத்துநாலு வருசம் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். வந்த பெட்டிசன்களைப் பிரித்து, படித்து, கோப்பில் போட்டு, எது நிற்கும் எது விழும் என்று பார்த்துப் பார்த்துத் தேறியவர். அவர் எழுதிக் கொடுத்தது ஒன்றும் விழுந்ததில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

என் அப்பா செல்வநாயகத்தின் தங்கை மீனாம்பிகை மாமியைக் கட்டியவர் அவர். கட்டிய நாளிலிருந்து இருப்பது மாமியின் சீதன வீட்டில். எங்கள் பக்கத்தில் அது வழமைதான். ஆரும் குறையாக நினைப்பதில்லை. வீடு மாமியின் பெயரில், கிணறு மாமியின் பெயரில், முற்றத்து மாமரமும் மாமியின் கணக்கு. மின்சாரப் பில் மட்டும் மாமாவின் பெயரில் வரும். "அதுவாவது எனக்கெண்டு விட்டாளே" என்று பகிடி விடுவார்.

நான் வெளிநாட்டில், லெஸ்டரில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் இளைப்பாறிய பஸ் சாரதி. இரண்டு வருசத்துக்கு முன் தன் தோட்டத்து மூலையில் மரக்குற்றிகளை அடுக்கி ஓர் அறை கட்டினார். காலையில் தேத்தண்ணியோடு அதற்குள் போய் இருந்துவிடுவார். பின்னேரம்வரை வெளியே வரமாட்டார். அதைப் படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். சும்மா ஒரு புதினத்துக்குத்தான் அனுப்பினேன். அன்றைக்கே அவரிடமிருந்து ரெலிபோன் கோல் வந்தது.

"பிள்ளை, அதுக்குக் கீழை அத்திவாரம் இருக்கோ?"

"இல்லை மாமா. கல்லுக்கு மேலை நிக்குது."

"அப்ப நிலத்திலை தொடேல்லை."

"தொடேல்லை."

"அந்த மனிசன்ரை வீடு ஆற்றை பேரிலை?"

"மனிசியும் அவரும் சேர்ந்துதான் இருக்கும். அறைக்கு என்ன பேர் மாமா, அது நிலத்திலை வைச்ச ஒரு பெட்டி மாதிரி."

 பிறகு அளவு கேட்டார். பழைய டயறி ஒன்றில் அவர் குறித்துக்கொள்வது எனக்குக் கேட்டது.

எழுபத்தொரு வயதில் அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்: அந்த வீட்டு வளவுக்குள் தனக்கென்று சொல்லக்கூடிய ஓர் அறை. விறாந்தையில் எழுதினால் மாமிக்குக் கரைச்சல். வருகிறவர்களின் செருப்பு, வெற்றிலை, ஒப்பாரி. நிலம் மாமியுடையது, அதில் கல் நட்டுக் கட்ட அவருக்கு மனம் வரவில்லை. நிலத்தைத் தொடாமல் நிற்கிற அறை என்றால் அந்தச் சங்கடம் இல்லை.

மாரி மழையில் விழுந்த வேம்பு ஒன்று வளவிலேயே கிடந்தது. அதை அரிவிக்கச் சொன்னவர்களிடம், "அதுவும் அவளின்ரை மரம்" என்று சொல்லிவிட்டு, மரக்காலைக்குப் போய்ப் பலகை எடுத்தார். வேலைக்குப் பிடித்தது குருநகர் அருட்பிரகாசத்தை. வள்ளம் கட்டுகிற கை. பன்னிரண்டடிக்குப் பத்தடி. பலகையின் மேல் பலகை ஏறி நிற்கும்படி, மழைத் தண்ணி வழுக்கிக்கொண்டு போகும்படி செய்தார். எல்லாவற்றையும் குருநகரிலேயே அறுத்து, துளைத்து, ஒவ்வொரு பலகையின் உட்புறத்திலும் இலக்கம் போட்டு, லொறியில் கொண்டுவந்து இரண்டு நாளில் பூட்டினார். ஆணி கொஞ்சம்தான், நட்டும் போல்ட்டும்தான் பிடித்தன. கீழே ஆறு சீமெந்துக் கல்.

"ஐயா, இதுக்கு நாலு சில்லுப் பூட்டினால் நெல்லியடிச் சந்தைக்கே தள்ளிக்கொண்டு போகலாம்" என்றாராம் அருட்பிரகாசம்.

"தள்ளிக்கொண்டு போக ஒரு இடம் வேணுமே அருள்" என்றாராம் மாமா.

இடத்தைத் தெரிந்து கொடுத்தது என் அப்பா. எங்கள் வளவும் மாமியின் வளவும் ஒரு காலத்தில் ஒன்று. நடுவில் ஒரு வேலி. அப்பாவும் மாமாவும் மச்சான்மார் என்பதைவிடக் கூட்டாளிகள் என்றுதான் சொல்லவேணும். நாற்பது வருசமாகப் பின்னேரம் நாலு மணிக்கு அப்பா பேப்பரோடு வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் போவார். இரண்டு பேரும் ஒரே பேப்பரை இரண்டாகப் பிரித்துப் படிப்பார்கள். அன்றைக்கு அப்பா அடி வைத்து அளந்து, வேலியோரமாக ஒரு தடியை ஊன்றி, "மச்சான், இஞ்சை வையும். வாடைக் காத்தும் வரும், எனக்கும் கிட்ட" என்றிருக்கிறார். மாமா தடி நின்ற இடத்திலேயே கல்லை வைப்பித்தார்.

பங்குனியில் அறை முடிந்தது. உள்ளே ஒரு மேசை, மூன்று கதிரை, மேலே ஒரு மின்சாரக் காத்தாடி. கதவுக்குப் பூட்டு. அதன் திறப்பை மாமா அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தார். வீடியோ கோலில் எனக்கு அறையைச் சுற்றிக் காட்டியபோது, யன்னல் பலகையைத் தட்டி, "கேட்டியோ, சத்தம்?" என்றார். அவர் அப்படிச் சந்தோசமாகக் கதைத்து நான் கேட்டதில்லை.

வைகாசியில் நான் அப்பாவுக்கு ஒரு யோசனை சொன்னேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற வளவில் சின்னதாக ஒரு வீடு கட்டினால் வருசத்தில் மூன்று மாதமாவது வந்து இருக்கலாம் என்று. இங்கே இருந்துகொண்டு அங்கே என்ன நடக்குமோ என்று ஏங்குவது எனக்குப் பழகிப்போய்விட்டது. ஒரு வீடு இருந்தால் அந்த ஏக்கம் கொஞ்சம் தணியும் என்று நினைத்தேன். ஒரு சிக்கல்தான் இருந்தது. அப்பாவின் வீடு வளவின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. பின்னுக்கு வாகனம் போகவேண்டுமென்றால் வேலிக்கு அந்தப் பக்கம், மாமியின் வளவோரமாகத்தான் போகவேணும்.

"வான் வராதே அப்பா" என்றேன்.

"அதை நான் பாக்கிறன்" என்றார் அப்பா.

மேலே என்ன கேட்க? கேட்காமல் விட்டேன்.

இனி வருவதெல்லாம் எனக்குப் பிறகு தெரிய வந்தது. ஆனியில் ஒரு நாள் நாலு மணிக்கு, அந்தப் பலகை அறைக்குள் இருந்துகொண்டு, அப்பா பேப்பரை மடித்துவைத்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்:

"மச்சான், ஒரு பெட்டிசன் எழுதவேணும். நெல்லியடியிலை எனக்குத் தெரிஞ்ச ஒராளுக்கு."

"விசயத்தைச் சொல்லும்."

"பக்கத்து வளவுக்காரன் எல்லையோடை ஒட்டி ஒரு கொட்டில் போட்டிட்டான்."

"கல்லோ, ஓலையோ?"

"பலகை."

மாமா சிரித்தாராம். "என்னைப் பாத்து நெல்லியடியிலையும் துவங்கிட்டாங்கள் போலை. எல்லையிலையிருந்து எவ்வளவு?"

"ரெண்டடி இருக்கும்."

"கூரைத் தண்ணி எந்தப் பக்கம் விழுது?"

"வேலிப் பக்கம்தான்."

"பிரதேச சபையிலை அனுமதி?"

"எடுக்கேல்லை. அத்திவாரம் இல்லைத்தானே, தேவையில்லையெண்டு நிக்கிறான்."

"நிப்பான். அந்த ஓட்டையைத்தான் முதல் அடைக்கவேணும். கரண்ட் இழுத்திருக்கிறானோ?"

அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லையாம். தலைக்கு மேலே காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஓம்."

"பிறகென்ன" என்று மாமா பேனையைத் திறந்தார்.

அவருக்கு ஏன் பொறி தட்டவில்லை என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தன்னுடைய அறைக்கு ஒரு பக்கத்து வளவுக்காரன் இருக்கிறான் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. பக்கத்து வளவில் இருந்தது மச்சான்.

ஒன்றரைப் பக்கம். "மேற்படி கட்டுமானம் அத்திவாரமற்றது, தற்காலிகமானது என்ற போர்வையில் அமைக்கப்பட்டிருப்பினும், அதற்கு மின்னிணைப்பு வழங்கப்பட்டு, கதவும் பூட்டும் பொருத்தப்பட்டு, நாளாந்தம் ஆட்கள் கூடுகின்ற இடமாக அது விளங்குவதால், அதனை நிரந்தரக் கட்டடமாகவே கொள்ளவேண்டும்" என்ற வசனம் அவருக்கே நன்றாகப் பிடித்துப்போய் இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். பெயர்களுக்குப் புள்ளி வைத்தார். கீழே வழக்கம்போல, இப்படிக்குப் பாதிக்கப்பட்ட பொதுமகன்.

"நல்லா வந்திருக்கு" என்று அப்பா அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

ஆடி பிறந்து மூன்றாம் நாள் பிரதேச சபையிலிருந்து றஜிதா என்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் மோட்டார்ச் சைக்கிளில் வந்து இறங்கினாள். அவளுடைய முதல் வேலை விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்ததே மாமாதான். முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு அளவு நாடாவை எடுத்தாள்.

"ஐயா, கோவிக்காதேங்கோ. ஒரு பெட்டிசன் வந்திருக்கு. கொப்பி தர ஏலாது. வாசிச்சுக் காட்டுறன்."

யாரோ கணினியில் அடித்திருந்தார்கள். எழுத்து எவருடையது என்று தெரியாது. அவள் வாசிக்க, மாமா கதிரையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "தற்காலிகமானது என்ற போர்வையில்" என்ற இடத்தில் அவள் மூச்சு எடுக்க நிறுத்தினாள். மிச்சத்தை மாமா சொன்னார். மின்னிணைப்பு, கதவு, பூட்டு, நாளாந்தம் ஆட்கள், நிரந்தரக் கட்டடமாகவே கொள்ளவேண்டும். ஒரு சொல் பிசகவில்லை.

றஜிதா கடதாசியையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "உங்களுக்கு முதலே ஆரும் காட்டினவையோ ஐயா?"

"இல்லைப் பிள்ளை. இந்தாளின்ரை எழுத்து எனக்குப் பழக்கம்."

"பதினாலு நாளுக்குள்ளை பதில் தாங்கோ. உங்கடை கையாலை எழுதினால் நிக்கும்தானே."

அவள் போனபிறகு மாமா குசினிக்குப் போனார். மாமி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"சபையிலையிருந்து வந்தது. என்ரை அறைக்குப் பெட்டிசன் போட்டிருக்கு. உமக்குத் தெரியுமோ?"

மாமி திருவுகிறதை நிறுத்தவில்லை. "தெரியும்தானே. அண்ணை கொண்டுவந்து காட்டினவர். உங்கடை எழுத்து. வான் போக வழி விடத்தான், நீங்களே எழுதித் தந்ததெண்டு சொன்னவர்."

"நீர் என்னட்டை ஒரு சொல் கேக்கேல்லை."

"என்னட்டைக் கேக்காமல் கட்டினீங்கள். கேக்காமலே கழட்டவும் போறீங்கள் எண்டு நினைச்சன்."

 உண்மையில் மாமா கேட்டிருக்கவில்லை. நிலத்தைத் தொடாத அறைக்கு நிலத்துக்காரியிடம் என்ன கேட்பது என்று விட்டிருந்தார்.

நாலு மணிக்கு அப்பா வழமைபோலப் பேப்பரோடு வந்தார்.

"ஆரோ வந்து போன மாதிரிக் கிடக்கு?"

"சபையிலையிருந்து. பெட்டிசனாம்."

"உதுகளுக்கு வேறை வேலையில்லை" என்று அப்பா பேப்பரைப் பிரித்தார். "ஆரெண்டு தெரியுமோ?"

"பேர் இல்லை" என்றார் மாமா. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டே, "உம்மடை நெல்லியடிக்காரற்றை விசயம் என்னெண்டு முடிஞ்சது?"

அப்பா அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "அது… அவையள் தங்களுக்கை கதைச்சுத் தீர்த்திட்டினம்."

"நல்லது. கதைச்சுத் தீர்க்கிறதுதான் நல்லது" என்று சொல்லிவிட்டு மாமா அவருக்குத் தேத்தண்ணியை நகர்த்தி வைத்தார்.

அடுத்த நாள் எனக்குக் கோல் வந்தது. நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். அகால நேரத்தில் ஊரிலிருந்து கோல் வந்தால் என்ன செய்தியோ என்றுதான் எடுப்பேன்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை, பயப்பிடாதை. நீ இஞ்சை வீடு கட்டப்போறியோ?"

"ஓம் மாமா, யோசிச்சிருக்கிறன். உங்களுக்குச் சொல்லத்தான் இருந்தனான்."

"வான் பின்னுக்குப் போக வழி?"

"அப்பா பாக்கிறன் எண்டவர்."

"அவர் பாத்திட்டார்" என்றார் மாமா. பிறகு, என் மகளின் படிப்பைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வைத்தார்.

நான் மாமிக்கு எடுத்து நடந்ததைக் கேட்டேன். பிறகு அப்பாவுக்கு எடுத்தேன். மறைக்கவில்லை அவர்.

"ஏன் அப்பா, மாமாவைக் கேட்டிருந்தால் தந்திருப்பாரே."

"தந்திருப்பான். அதுதான் கேக்கேல்லை" என்றார். "அவன் ஆசைப்பட்டுக் கட்டினதைக் கழட்டித் தந்தால் நான் சாகுமட்டும் அவனுக்கு முன்னாலை குனிஞ்சுகொண்டு இருக்கவேணும். சபை சொல்லிக் கழட்டினால் ஆரும் ஆருக்கும் குனியத் தேவையில்லை."

"போய் மாமாவோடை கதையுங்கோ."

"உனக்காகத்தானே செய்தது."

இங்கே லெஸ்டரில் ஒருவர் கட்டுகிற அறைக்கு அயலவர் ஆட்சேபனை எழுதினால் அது எழுதியவரின் பெயரோடு கவுன்சிலின் இணையத்தளத்தில் கிடக்கும். ஆங்கிலத்தில் அப்படியான கடிதங்கள் நான் நிறைய வாசித்திருக்கிறேன். அப்பாவிடம் அதைச் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். வீட்டு வேலையை நிற்பாட்டச் சொல்லியும் நான் சொல்லவில்லை. வரைபடம் ஏற்கெனவே வந்திருந்தது.

மாமா பதிலை நாலாம் நாள் எழுதினார். தன் பெட்டிசனைத் தானே உடைக்கிற வழி அவருக்குத் தெரியாமல் இல்லை. எல்லா ஓட்டையையும் அடைத்தவருக்கு அடைக்காமல் விட்ட ஒன்று தெரிந்திருந்தது. அரைப் பக்கம்தான்:

"மேற்படி அறைக்கான இடத்தைத் தாமே அடி வைத்து அளந்து, தடியூன்றிக் காட்டித் தந்தவர், அயல் வளவின் உரிமையாளரான ............ அவர்களே ஆவார். இதனை அவர் தம் கையொப்பத்தால் உறுதிப்படுத்துகிறார்."

நாலு மணிக்கு அதை அப்பாவிடம் நீட்டினார்.

"மச்சான், இதைச் சபையிலை குடுக்கவேணும். பேருக்கு இடம் விட்டிருக்கிறன். நிரப்பிப்போட்டுக் குடுத்துவிடும்."

அப்பா வாசித்தார். மேசையில் பேனை கிடந்தது. மூடி திறந்தே கிடந்தது.

"கண்ணாடி கொண்டுவரேல்லை. வீட்டை போய் நிரப்புறன்" என்றார். கண்ணாடி அவருடைய மூக்கின்மேல் இருந்தது.

பத்து நாள் மிச்சமிருந்தது. ஒவ்வொரு நாளும் அப்பா வந்தார், பேப்பர் படித்தார், தேத்தண்ணி குடித்தார், போனார். கடிதத்தைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, மாமாவும் கேட்கவில்லை. பதினாலாம் நாள் அப்பா வரவில்லை. வயிற்றுக்குள் ஏதோ செய்கிறதென்று படுத்திருந்தாராம். மாமா நாலரை மட்டும் காத்திருந்துவிட்டு, அருட்பிரகாசத்துக்குக் கோல் எடுத்தார்.

நான் அவருக்குக் கோல் எடுத்துக் கெஞ்சினேன். "நீங்களே பேரைப் போட்டு எழுதுங்கோ மாமா. உண்மைதானே."

"பேர் போட்டு எழுத எனக்குக் கை வராது பிள்ளை."

அருட்பிரகாசத்துக்கும் மனமில்லை. "ஐயா, சபையிலையிருந்து வந்த பிள்ளை பதில்தானே கேட்டது, கழட்டச் சொல்லேல்லையே. காத்து எந்தப் பக்கத்தாலை எண்டு பாக்காமல் நாங்கள் பாய் இறக்கமாட்டம்."

"பாத்திட்டன். இறக்கும்."

இலக்கம் போட்ட பலகைகள் ஒரு காலைக்குள் கழன்றுவிட்டன. மாமா ஒவ்வொரு நட்டாக எண்ணி ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டுக் கொடுத்தார். எங்கே கொண்டுபோவது என்று அருட்பிரகாசம் கேட்டதற்கு, "உம்மடை வளவிலை கிடக்கட்டும். எனக்கெண்டு ஒரு காணி வந்தால் சொல்லுறன்" என்றார். ஆறு சீமெந்துக் கல்லையும் அப்பா பிறகு ஆள் வைத்து எடுப்பித்தார். மாமி வேலியைத் தன் பக்கம் தள்ளிப் போட விட்டாள்.

போன ஆடியில் நான் ஊருக்குப் போனேன். வான் தெருவிலிருந்து திரும்பி, வேலியோரமாக ஒரு தட்டும் தடங்கலும் இல்லாமல் வந்து என் புது வீட்டு வாசலில் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் மாமா நின்றார். மெலிந்திருந்தார்.

"வான் வசதியா வந்ததோ பிள்ளை?"

"ஓம் மாமா" என்றேன்.

அப்பா இப்போதும் நாலு மணிக்குப் பேப்பரோடு மாமி வீட்டு விறாந்தைக்குப் போகிறார். மாமா அவருக்குக் கதிரை இழுத்துப் போடுகிறார். பேப்பரை இரண்டாகப் பிரிப்பதில்லை. அப்பா முழுவதையும் படித்து முடித்த பிறகு மாமா வாங்கிப் படிக்கிறார்.

எழுதுவிக்க வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். நான் இருந்த ஒரு காலை, பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து ஒரு மனிசி வந்தாள். கதிரையில் இருந்துகொண்டு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். மாமா கடதாசியை எடுக்காமல் கேட்டார்:

"ஆருக்கு எதிரா?"

"பேர் எதுக்கு ஐயா? நீங்கள் பேர் கேக்கமாட்டியள் எண்டுதானே சொன்னவை."

"இப்ப கேக்கிறன்."

மனிசி திரும்பி வாசல் படலையைப் பார்த்தாள். பிறகு, "நான் ஒருக்கா வீட்டிலை கேட்டுக்கொண்டு வாறன்" என்று எழும்பிப் போனாள். திரும்பி வரவில்லை.

திரும்புகிற நாளுக்கு முதல் நாள், வான் சாரதிக்குக் கொடுக்க அப்பாவின் மேசை லாச்சியில் படலைத் திறப்பைத் தேடியபோது, பழைய பஞ்சாங்கத்துக்குள் அந்த அரைப் பக்கம் அகப்பட்டது. மாமாவின் நீலப் பேனை எழுத்து. நாலாக மடித்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் போனேன். ஏன் கொண்டுபோனேன் என்று எனக்கே தெரியாது. ஒருவேளை, நானாவது அவரிடம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கவேணும் என்று இருந்திருக்கலாம்.

மாமா விரித்துப் பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பி, பேர் வரவேண்டிய இடத்தில் விரலை வைத்து, ஒன்றொன்றாக நகர்த்தினார். பிறகு பழைய மடிப்பிலேயே மடித்து என் கையில் தந்தார்.

"பன்னிரண்டும் அப்பிடியே இருக்கு" என்றார். "கொப்பற்றை லாச்சியிலையே கொண்டுபோய் வை."